கம்பி நின்ற இடம்

வீடு, 9 நவம்பர் 1986

அன்புள்ள நௌம் மாமாவுக்கு,

இன்றிலிருந்து நான் பார்ப்பதையும் கேட்பதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப் போகிறேன். நீங்கள் கேட்டதும் அதுதான். "உங்கம்மா என் அக்கா. அவகிட்ட கேட்டா எல்லாம் சுகம்னுதான் சொல்லுவா. நீ எழுது பிசெர்கா" என்று பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் சொன்னீர்கள். இதற்கென்றே தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதலில் அதில் குறித்துக்கொண்டு, பிறகு கடிதமாக எழுதுகிறேன்.

நடந்தது இது. தையல் தொழிற்சாலையில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் மார்பில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அம்மாவுக்கு இடது பக்கத்தில் பருப்பு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அது நல்ல கட்டி இல்லை என்று டாக்டர் கொச்சோவா நினைக்கிறார். கையால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை.

"தட்டுப்படலைன்னா சின்னதுன்னு அர்த்தம், அது நல்லதுதான்" என்றார் டாக்டர். "ஆனா கத்தி பிடிக்கிறவர் எதைப் பார்த்து வெட்டுவார்? நான் எக்ஸ்ரேயைப் பார்த்து கணக்குப் போட்டு ஊசி குத்தி, அதுக்குள்ள ஒரு மெல்லிய கம்பியை விட்டு வைக்கணும். அவர் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே போவார். போன மாசம் ஒரு அம்மாவுக்கு நாலு தடவை குத்தினேன். நாலாவதுல மயங்கிட்டாங்க."

கோடை விடுமுறையில் நீங்கள் அந்த இயந்திரத்தின் திருகு ஒன்றைச் சரிசெய்யப் போய், டாக்டர் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு வந்து இரவுச் சாப்பாட்டு மேசையில் படம் வரைந்தீர்களே, அந்தக் கருவி முடிந்ததா என்று டாக்டர் கேட்கச் சொன்னார். அறுவை சிகிச்சைக்கு ஜனவரி பதிமூன்றாம் தேதிதான் இடம் கிடைத்திருக்கிறது.

இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியும். "சின்ன வயசுல என் தையல் மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு ஒரு திருகை மிச்சம் வச்சவன்தான் உங்க மாமா. இப்ப என்னைப் பிரிக்க வர்றானாக்கும்" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அடுப்பில் மிளகாய் கருகியதை அவள் கவனிக்கவில்லை.

உங்கள்
பிசெர்கா


க்ரான், 20 நவம்பர் 1986

பிசெர்,

உன் கடிதத்தைத் தொழிற்சாலையில் லேத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். மேற்பார்வையாளர் ஸ்லோவேனியன். "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும், வேலை முடிந்தபின் இயந்திரங்களை நான் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்துவிட்டார். இங்கே ஸ்லோவேனியாவில் மனிதர்கள் அதிகம் பேசமாட்டார்கள், ஆனால் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

கருவி இப்படித்தான். எக்ஸ்ரே எடுக்கும்போது மார்பை மேலிருந்து அழுத்துகிற தட்டு இருக்கிறதல்லவா, அதற்குப் பதிலாக இந்தத் தட்டு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், அதில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் ஓர் ஈயப் புள்ளி. படம் எடுத்தால் கட்டியும் தெரியும், புள்ளிகளும் தெரியும். எந்தத் துளைக்கு நேர் கீழே கட்டி இருக்கிறதென்று எண்ணிப் பார்த்துவிடலாம். அந்தத் துளையின் மேல் ஒரு சின்ன உலோகக் கட்டையைப் பொருத்தினால் ஊசி சாயாது. மருத்துவரின் கை நடுங்கினாலும் ஊசி நடுங்காது.

ஜெலட்டினைக் கெட்டியாகக் காய்ச்சி, உள்ளே ஓர் ஆலிவ் காயை வைத்துச் சோதித்தேன். முப்பது தடவை குத்தினேன். இருபத்தெட்டு தடவை ஆலிவில் பட்டது. விடுதியில் என் அறைத் தோழன் அதைத் தின்பண்டம் என்று நினைத்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

நீ குறிக்க வேண்டியவை: எத்தனை குத்து, எத்தனை நிமிடம், எந்தத் துளை, படத்தில் கம்பியின் முனை எங்கே நின்றது. அக்கா வலிக்கவில்லை என்பாள். அதை எழுத வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்து எழுது.

முப்பதில் இரண்டு தவறின. அதை அவளிடம் சொல்லாதே.

நௌம்


வீடு, 14 ஜனவரி 1987

அன்புள்ள மாமாவுக்கு,

கருவி பாதுகாப்பாக வந்து சேர்ந்தது. நீங்கள் கொடுத்துவிட்ட ரயில் நடத்துநர் ஸ்கோப்யே நிலையத்தில் அதை அப்பாவிடம் கொடுக்கும்போது, "உள்ள முட்டையா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம்.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் விடுப்பு கிடைக்காததால் நான்தான் கூடப் போனேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. எக்ஸ்ரே அறைக் கதவை நர்ஸ் மென்கா எனக்காகக் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தார். கதிர் பாயும் நேரத்தில் மட்டும் மூடினார்.

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தட்டை இறக்கினார்கள். அம்மா என்னைப் பார்த்து, "ஜாடிக்கு மூடி போடுற மாதிரி இருக்கு" என்றாள். முதல் படம் கழுவி வர ஒன்பது நிமிடம். அதுவரை தட்டைத் தளர்த்தக் கூடாது. அம்மா கண்களை மூடி, உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள். நெற்றியில் வியர்வை. டாக்டர் எண்ணினார்: ஆறாவது வரிசை, நான்காவது துளை. உங்கள் உலோகக் கட்டையைப் பொருத்தினார். ஒரே குத்து, மாமா. ஒன்றே ஒன்று. ஆழத்துக்காகப் பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்தார்கள். கம்பியின் முனையில் கொக்கி போல வளைவு இருக்கிறது. அது பருப்பைத் தாண்டி மூன்று மில்லிமீட்டரில் நின்றது. டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு அளவுகோலை வைத்துப் பார்த்தார். பிறகு, "உங்க மாமாவை இங்கயே வந்துரச் சொல்லு, ஸ்லோவேனியாக்காரங்களுக்கு எதுக்கு" என்றார். மொத்தம் முப்பத்தொரு நிமிடம்.

வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியைத் தோலோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டி, மேலே ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மறுபடி ஒட்டினார்கள். அறுவை சிகிச்சைக் கட்டடம் முற்றத்துக்கு அந்தப் பக்கம். அம்மா நடந்தே போனாள். நூற்று எழுபது அடி. நான் எண்ணினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அறுவை மருத்துவர் வந்தார். கம்பியைத் தொடர்ந்து போய், முனையைச் சுற்றியிருந்த சதையை எடுத்துவிட்டதாகச் சொன்னார். அம்மா விழித்ததும் முதலில் கேட்டது, சூப் சூடாக இருக்கிறதா என்று.

பிசெர்கா


வீடு, 29 ஜனவரி 1987

மாமா, ஒரே வரிதான். எடுத்த சதையில் கெட்ட செல்கள் எதுவும் இல்லையாம். சாதாரணக் கொழுப்பு என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து காகிதம் வந்திருக்கிறது. அம்மா சீஸ் வைத்த ரொட்டி சுட்டு மூன்று மாடிக்கும் கொடுத்தாள். அப்பா குடித்துவிட்டுப் பாடினார்.

டாக்டர் கொச்சோவா மட்டும் சிரிக்கவில்லை. "மூணு மாசத்துல இன்னொரு படம் எடுக்கணும்" என்றார். அம்மா வெளியே வந்ததும், "இவங்களுக்கு நல்ல சேதி சொன்னா பிடிக்காது" என்றாள்.


க்ரான், 8 பிப்ரவரி 1987

பிசெர்,

அந்த ஒரு வரியை மேற்பார்வையாளருக்கு ஸ்லோவேனிய மொழியில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார்.

இரண்டாவது தட்டு தயாராகிறது. துளைகளை இன்னும் நெருக்கமாக வைக்கிறேன். டாக்டரிடம் வரிசையில் பதினோரு பெண்கள் இருக்கிறார்களாம், தெரியுமா? இனி ஆளுக்கு ஒரே குத்து. நேற்று விடுதியில் படுத்துக்கொண்டு அதை எண்ணிப் பார்த்தேன். பதினோரு குத்து. இத்தனை வருடம் செய்த வேலையில் முதல் தடவையாகத் தூங்குவதற்கு முன் சிரித்தேன்.

நௌம்


வீடு, 21 ஜூன் 1987

அன்புள்ள மாமாவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியாமல் நான்கு தாள் கிழித்துவிட்டேன்.

போன வாரம் அம்மா குளிக்கும்போது இடது பக்கத்தில் ஏதோ தட்டுப்பட்டது. இப்போது பருப்பு இல்லை, வாதுமைக் கொட்டை. அக்குளிலும் ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்தில் எடுக்கச் சொன்ன படத்தை அம்மா எடுக்கவே இல்லை. "சுத்தமா இருக்குன்னு காகிதம் குடுத்துட்டாங்க, அப்புறம் எதுக்கு மறுபடி அந்த ஜாடி மூடிக்குள்ள போகணும்?" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. எனக்குத் தேர்வுகள் இருந்தன.

டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பருப்பு இருந்த இடத்திலேயேதான் கட்டி வளர்ந்திருக்கிறது. ஜனவரியில் வெட்டிய தழும்பு அதிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதாவது அவர்கள் எடுத்தது பக்கத்துச் சதை. நல்ல சதையை எடுத்துவிட்டு நல்ல சதை என்று காகிதம் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் மார்பு முழுவதையும் எடுக்கிறார்கள். "அது பரவியிருந்தா?" என்று அப்பா கேட்டார். டாக்டர் அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். 

பிசெர்கா


க்ரான், 30 ஜூன் 1987

பிசெர்கா,

டாக்டருக்கு எழுதிவிட்டேன். இரண்டு தட்டுகளையும் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இனி யாருக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

முப்பதில் இரண்டு தவறியது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தே அனுப்பினேன். துளை வட்டமாக இல்லையா, கட்டை ஆடியதா, புள்ளிகள் தப்பான இடத்தில் இருந்தனவா என்று ஒவ்வொரு வரைபடமாக அளந்து பார்க்கிறேன். தப்பு தெரியவில்லை. தெரியாத தப்புதான் இன்னும் மோசம்.

அக்காவிடம் தொலைபேசியில் பேசினேன். "உன் மேல எனக்கு வருத்தம் இல்லடா" என்றாள். அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம். விடுப்பு எடுத்து வரலாம், ஆனால் எந்த முகத்தோடு வருவது?

நீ இனிமேல் குறிப்பெல்லாம் எடுக்க வேண்டாம். படிப்பைப் பார்.

நௌம்


வீடு, 6 செப்டம்பர் 1987

மாமா,

நீங்கள் சொன்னதை நான் கேட்கப் போவதில்லை. ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. இதை எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜனவரி பதிமூன்றாம் தேதியைப் பற்றி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். எக்ஸ்ரே அறையிலிருந்து அம்மா வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் ஒரு பக்கம் முற்றத்துக் கதவு திறந்திருந்தது, எதிர்ப் பக்கம் யாரோ ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். நம் ஊரில் குறுக்குக்காற்று என்றால் எல்லோரும் எப்படிப் பதறுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நர்ஸ் மென்கா, "ஐயோ, வேர்த்திருக்கிற உடம்பு, காத்து பட்டா நெஞ்சுல இறங்கிரும், கோட்டு எங்கம்மா?" என்றார். நான் ஓடிப்போய்க் கோட்டை எடுத்து வந்தேன். போர்த்திக் கூட்டிப்போயிருக்கலாம். ஆனால் போர்த்தினால் முன்பக்கம் காற்று நுழையும் என்று நினைத்தேன்.

"கையை நீட்டும்மா" என்றேன்.

அம்மா இடது கையைத் தூக்கினாள். கனமான கோட்டு, கை பாதியில் சிக்கிக்கொண்டது. நான் இழுத்துவிட்டேன். அம்மா சட்டென்று நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. உள்ள நூல் இழுத்த மாதிரி இருந்துச்சு."

அம்மா இருபது வருடம் தைத்தவள். நூல் இழுபட்டால் அவளுக்குத் தெரியாதா? ஆனால் நர்ஸ் திட்டுவார் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. நான் கழுத்து வரைக்கும் பொத்தான்களைப் போட்டுவிட்டு, கம்பளித் துண்டையும் சுற்றினேன். நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஜனவரியில் எழுதாததற்குக் காரணம், கோட்டைப் பற்றி யார் எழுதுவார்கள் என்பதுதான். ஜூனில் எழுதாததற்குக் காரணம் வேறு. ஜூனில் எனக்குப் புரிந்துவிட்டது. கம்பி தோலோடு இறுக்கமாக ஒட்டப்பட்டிருந்தது. கையைத் தூக்கினால் தோல் நகரும். தோல் நகர்ந்தால் கம்பி வரும். உங்கள் துளை சரியாகத்தான் இருந்தது, மாமா. நான்தான் இழுத்தேன்.

நீங்கள் கருவியைத் திருப்பிக் கேட்ட கடிதம் வந்த அன்று அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கும் முன்பே தெரிந்திருந்தது. "வாயைத் தொறக்காதே" என்றாள். "அவன் கருவிதான் தப்புன்னு இருக்கட்டும். அவன் பெரிய ஆம்பளை, தூக்கிக்கிட்டு நடந்துருவான். நீ பதினஞ்சு வயசுப் புள்ள. இதை வச்சுக்கிட்டு அறுபது வருஷம் எப்படிடி இருப்ப?"

இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன். போன வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் அம்மாவுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் கத்தினாள். டாக்டர் மறுபடி கண்ணளவில் குத்துகிறார். மூன்று தடவை. நான் எண்ணினேன்.

பிசெர்கா


க்ரான், 24 செப்டம்பர் 1987

பிசெர்,

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. நீ எனக்கு உண்மையை எழுதினாய், அதனால் நானும் எழுதுகிறேன். அக்கா மேலும் வந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

மூன்றாம் நாள் இறைச்சிக் கடைக்குப் போய்த் தோலோடு கூடிய பன்றி வயிற்றுச் சதை வாங்கினேன். கம்பியை உள்ளே விட்டு, நீ எழுதியபடியே தோலோடு இறுக்கி ஒட்டினேன். பிறகு தோலை மேல்நோக்கி இழுத்தேன், தூக்கிய கை இழுப்பதைப் போல. பத்துத் தடவை செய்தேன். எட்டுத் தடவை கம்பி வெளியே வந்தது. சராசரி இரண்டு சென்டிமீட்டர். தழும்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எழுதியிருந்தாய், நினைவிருக்கிறதா?

ஆக, கம்பியை நகர்த்தியது கோட்டுதான். உனக்கு ஆறுதல் சொல்வதற்காக அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குமேல் நான் சொல்வதைக் கேள். முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஜனவரியில் என்ன குளிர் அடிக்கும் என்றும் தெரியும். பதினாறு வயது வரைக்கும் அக்கா கட்டிவிட்ட கம்பளித் துண்டோடு பள்ளிக்கூடம் போனவன் நான். என் வரைபடத்தில் தட்டு இருக்கிறது, ஊசி இருக்கிறது, ஆலிவ் காய் இருக்கிறது. கோட்டு போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டிய பெண் இல்லை. கையைத் தூக்கக் கூடாது என்று ஒரு வரி நான் எழுதியிருந்தால் நீ தூக்க விட்டிருப்பாயா? உன்னை எனக்குத் தெரியும். நீ அந்த வரியை மனப்பாடம் செய்திருப்பாய்.

இது பாதி உன்னுடையது, பாதி என்னுடையது என்றெல்லாம் வெட்டிப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அக்காவின் கடிதம் எதுவும் வரவில்லை. அவள் எப்படி இருக்கிறாள்?

டாக்டருக்கு இன்றே எழுதுகிறேன். கம்பியை இறுக்கி ஒட்டாமல் வெளியே ஒரு வளையம் விட்டு ஒட்ட வேண்டும். வெட்டி எடுத்த சதையை உடனே படம் எடுத்து, கட்டி அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தைக்க வேண்டும். தட்டுகள் மறுபடி வருகின்றன.

நௌம்


வீடு, 15 நவம்பர் 1987

மாமா,

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவளால் அதிக நேரம் உட்கார முடியவில்லை. எலும்பில் வலி.

"டேய் நௌம். இவ எழுதிட்டா. நான் வேணாம்னேன், கேக்கலை. ஆமா, உன்னைத்தான் பலி குடுத்தேன். ரெண்டு பேர்ல ஒருத்தரைக் குடுக்கணும்னா உன்னைத்தான் குடுப்பேன், இன்னொரு தடவை கேட்டாலும் உன்னைத்தான். கோச்சுக்கிட்டா கோச்சுக்க. கோவிச்சுக்கிட்டே வந்து சேரு.

"இந்த டாக்டரம்மா போர்வையைச் சுத்திக் கூட்டிட்டுப் போவோம்னு சொல்றாங்க. போர்வை நழுவும். நழுவினா பொம்பளை கையைத் தூக்கித்தான் பிடிப்பா. அதனால நான் ஒண்ணு தைக்கிறேன். மணி மாதிரி அகலமா, கையே இல்லாம. வலது தோள்ல பொத்தான். தலை வழியா போடவும் வேணாம், கை நுழைக்கவும் வேணாம். உள்ள பஞ்சு வச்சிருக்கேன். காத்தும் உள்ள போகாது, கையும் மேல போகாது. உன் படத்துல இதையும் வரைஞ்சுக்க, பொறியாளர் துரை."

இதற்குமேல் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். ஒன்றை முடித்துவிட்டாள், மாமா. பழுப்பு நிறம். இரண்டாவதை வெட்டி வைத்திருக்கிறாள். பொத்தான் துளைகளை நான் தைத்தால், "வாய் பொளந்த மீன் மாதிரி இருக்கு" என்று பிரிக்கச் சொல்கிறாள்.

சீக்கிரம் வாருங்கள்.

பிசெர்கா


வீடு, 22 மார்ச் 1988

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் க்ரானுக்குத் திரும்பிப் போய் ஒன்பது நாள் ஆகிறது. அம்மாவின் நாற்பதாம் நாள் வழிபாட்டுக்கு வேகவைத்த கோதுமை மீந்திருந்தது. அப்பா அதைக் கல்லறையிலேயே பறவைகளுக்கு வைத்துவிட்டு வந்தார். வீட்டில் அவர் வானொலியைப் போடுவதில்லை.

நீங்கள் திருப்பி அனுப்பிய பிறகு இன்றுதான் டாக்டர் கொச்சோவா உங்கள் தட்டை முதல் தடவையாகப் பயன்படுத்தினார். பழுப்பு அங்கியை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார், அதனால் பள்ளிக்கு விடுப்பு எடுத்தேன். அந்தப் பெண்ணின் பெயர் ஸ்தோய்னா, ஐம்பத்திரண்டு வயது, மலைக் கிராமத்தில் ஆடு வளர்ப்பவள். தட்டு இறங்கியதும், "என் ஆடுங்ககூட இவ்வளவு இறுக்கினா உதைக்கும் டாக்டரம்மா" என்றாள். நான்காவது வரிசை, ஏழாவது துளை. ஒரு குத்து. இருபத்தாறு நிமிடம். கம்பியை வளையமாக விட்டு ஒட்டினார்கள்.

நான்தான் அங்கியைச் சுற்றி, வலது தோளில் பொத்தானைப் போட்டேன். "கையைத் தூக்காதீங்க" என்றேன். "நீ யாரும்மா?" என்று கேட்டாள். அங்கி கொண்டுவந்தவள் என்றேன். அவள் குனிந்து துணியைத் தடவிப் பார்த்து, "நல்ல தையல்" என்றாள். இடது கை அசையவே இல்லை. முற்றத்தில் பனி உருகிச் சேறாக இருந்தது. நான் அவளுடைய வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து நர்ஸ் மென்கா எஃகுத் தட்டில் அந்தச் சதைத் துண்டை வைத்து மூடி, சேற்றில் ஓடி வந்தார். அறுவை மருத்துவர் தைக்காமல் காத்திருந்தார். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். என்னைக் கிட்டே வரச் சொன்னார். நடுவில் வெள்ளையாக ஒரு பருப்பு. அதன் வழியாகக் கம்பி. சுற்றிலும் ஒரு விரற்கடைக்கு நல்ல சதை. டாக்டர் தொலைபேசியை எடுத்து, "வந்துருச்சு. தைங்க" என்றார்.

நர்ஸ் மென்கா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பெண்ணின் மேல் கோபம்தான் வந்தது. அவளுடைய பருப்பு அங்கே படத்தில் இருக்கிறது, அவள் வீட்டுக்குப் போய் ஆடு கறப்பாள். அவள் எனக்கு எதுவும் செய்யவில்லை. பொத்தான் போடும்போது என் கழுத்தில் அவள் மூச்சு பட்டது, அது அம்மாவின் மூச்சு போல இல்லை. தாழ்வாரத்தில் அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை உருவிக்கொண்டேன். அது தப்பு என்று தெரிகிறது. நாளை போய் அவளைப் பார்ப்பேன், அங்கியை வாங்கி வரவும் வேண்டும்.

இரண்டாவது அங்கிக்குப் பொத்தான் துளைகள் இன்னும் தைக்கவில்லை.

"எந்தத் துளை, எத்தனை நிமிஷம்னு அவருக்கு எழுது" என்று டாக்டர் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் இன்னும் கொஞ்ச நேரம் படத்தின் முன்னால் நின்றேன். நர்ஸ் மென்கா கைகளைக் கழுவிவிட்டு வந்து, "போதும்டி கண்ணு, வா" என்றார். விளக்குப் பெட்டியை அணைத்தார். பிறகு கதவருகே போய் அறை விளக்குகளையும் அணைத்தார்.

பிசெர்கா